தாயின் சர்க்கரையும் வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகமும்

கேள்வி: நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். வயது 26. முதல் கர்ப்பம், இப்போது 28-ம் வாரம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தபோது குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை 112 இருந்தது. 25-ம் வாரத்தில் அதே சோதனையில் 172 ஆகிவிட்டது. இரண்டு வாரம் சாப்பாட்டைக் குறைத்தும் வெறும் வயிற்றில் 104, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 146 என்று வருவதால் இன்சுலின் போட வேண்டும் என்கிறார்கள். 21-ம் வார ஸ்கேனில் பிள்ளையின் இடது சிறுநீரகத்தில் 4.8 மி.மீ. விரிவு இருப்பதாக எழுதியிருக்கிறது. என் மாமியாருக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை. இப்போது வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்து கொள்கிறார். என் சர்க்கரையால் பிள்ளையின் கிட்னியும் கெட்டுப்போகுமா? இன்சுலின் பிள்ளைக்கும் போய்ச் சேராதா? என் கணவர் காசிமேட்டில் விசைப்படகில் வேலை செய்கிறார். முதுகுவலிக்கு அவர் மெடிக்கலில் வாங்கி வரும் மாத்திரையைப் போட்டுக் கொள்ளலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்களை அதிகம் வாட்டும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமியாருக்கு வந்த நிலை, உங்களுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை கூடியதால் மட்டும் உங்கள் பிள்ளைக்கு வந்துவிடாது. ஸ்கேனில் எழுதியிருக்கும் அந்தச் சிறு விரிவுக்கும் உங்கள் சர்க்கரைக்கும் பெரும்பாலும் தொடர்பு இருக்காது. ஆனால் இன்சுலின் வேண்டும் என்று மருத்துவர் சொன்ன பிறகும் நீங்கள் தயங்கிக் கொண்டிருக்கிறீர்களே, அந்தத் தயக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. 28-ம் வாரத்திலிருந்து 36-ம் வாரம் வரையிலான காலம் பிள்ளையின் சிறுநீரகத்துக்கு எவ்வளவு முக்கியமானது என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால், ஏன் இந்த வாரமே ஊசியைத் தொடங்கச் சொல்கிறேன் என்பது உங்களுக்கே விளங்கும்.

கர்ப்பிணிகளின் சர்க்கரை இரண்டு வகைப்படும். கருத்தரிப்பதற்கு முன்பே இருந்த சர்க்கரை ஒன்று. கர்ப்பத்தின் நடுப்பகுதிக்கு மேல் நஞ்சு, அதாவது பிள்ளையைத் தாயோடு இணைக்கும் நஞ்சுக்கொடி, சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாததால் தலைகாட்டும் சர்க்கரை மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்வதால்தான் பாதி பயம் வருகிறது. பிள்ளையின் சிறுநீரகம் கருவின் ஐந்தாம் வாரவாக்கில் முளைவிடத் தொடங்கி, மூன்றாம் மாதத்துக்குள் அதன் அடிப்படை உருவத்தைப் பெற்றுவிடுகிறது. ஒரு சிறுநீரகமே இல்லாமல் பிறப்பது, இரண்டும் கீழே ஒட்டிக்கொண்டு குதிரை லாட வடிவில் அமைவது போன்ற பிறவிக் குறைகள் அந்தத் தொடக்க வாரங்களில் நேர்பவை. கருத்தரிக்கும்போதே சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருக்கும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கு இவை வரும் வாய்ப்பு கூடுகிறது. உங்களுக்கோ பெயர் பதிந்தபோது 112தான் இருந்தது. 140-க்குக் குறைவாக இருந்தால் அந்தச் சோதனையில் இயல்பு என்று பொருள். ஆகவே உங்கள் பிள்ளையின் சிறுநீரகம் உருவெடுத்த வாரங்களில் உங்கள் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்ததாகக் கொள்ள இடமில்லை. 21-ம் வார ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் அதனதன் இடத்தில் இருப்பதாகப் பார்த்திருப்பதும் அதற்குப் பொருந்தி வருகிறது.

இந்தச் சோதனை உங்களுக்குக் கேட்காமலே செய்யப்பட்டதற்குப் பின்னால் நம் ஊரின் கதை ஒன்று உண்டு. கர்ப்பிணிகள் அனைவருக்கும், காலையில் சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும், 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுத்துப் பார்த்தால் போதும் என்னும் முறையை வலியுறுத்தி நிலைநாட்டியவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷையா. தமிழ்நாடு அரசு 2007-ல் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதைக் கொள்கையாக ஏற்றது. முதல் வருகையில் ஒரு முறையும், 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறையும் பார்ப்பது இப்போது தேசிய வழிகாட்டு நெறியாகவே இருக்கிறது. முதல் முறை சரியாக இருந்ததே என்று இரண்டாவது சோதனைக்குப் போகாமல் விட்டுவிடுகிறவர்கள் வடசென்னையில் இன்றும் இருக்கிறார்கள். நீங்கள் போனதால்தான் உங்கள் சர்க்கரை உரிய காலத்தில் வெளியே தெரிந்தது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். சிறுநீரகத்தின் உருவம் மூன்றாம் மாதத்துக்குள் அமைந்துவிட்டாலும் அதன் உள்வேலை அத்துடன் முடிவதில்லை. இரத்தத்தை வடிகட்டிச் சிறுநீரைப் பிரிக்கும் நுண்ணிய அலகுகளுக்கு நெஃப்ரான் என்று பெயர். சிறுநீர்க்குழாயின் முளை ஒன்று சுற்றியுள்ள திசுவுக்குள் கிளைவிட்டு, அந்தக் கிளை மறுபடி கிளைவிட்டுப் போகப் போக, ஒவ்வொரு கிளை நுனியிலும் புது நெஃப்ரான்கள் தோன்றுகின்றன. ஒரு சிறுநீரகத்துக்குச் சராசரியாக ஒன்பது, பத்து லட்சம் நெஃப்ரான்கள் என்று சொல்வது வழக்கம்; ஆனால் ஆளுக்கு ஆள் இது பெரிதும் வேறுபடும், சிலருக்கு இரண்டு, மூன்று லட்சமே இருக்கும், சிலருக்கு இருபது லட்சத்தையும் தாண்டும். இவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் உருவாகின்றன. 34 முதல் 36 வாரத்துக்குள் இந்த வேலை நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு மனிதருக்குப் புதிதாக ஒரு நெஃப்ரான்கூட உண்டாவதில்லை. பிறந்த பின் சிறுநீரகம் வளர்வதெல்லாம் இருக்கும் நெஃப்ரான்கள் பருத்து நீள்வதால்தான்.

தாயின் இரத்தத்தில் மிகும் குளுக்கோஸ் நஞ்சைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகிறது. பிள்ளையின் கணையம் அதைச் சமாளிக்கத் தன் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கிறது. உடலில் கொழுப்புச் சேர்ந்து எடை கூடுகிறது. கூடிய சர்க்கரை சிறுநீரகத் திசுவுக்கு என்ன செய்கிறது என்பதை எலிகளிலும் சுண்டெலிகளிலும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ள தாய் எலிகளுக்குப் பிறந்த குட்டிகளின் சிறுநீரகங்கள் சிறுத்திருந்தன, நெஃப்ரான்களும் குறைந்திருந்தன. சர்க்கரை மிகும்போது உயிரணுக்களுக்குள் ஆக்சிஜன் சார்ந்த நச்சுப்பொருள்கள் பெருகி, வளரும் நுனியிலுள்ள அணுக்கள் முன்கூட்டியே மடிவதும், சிறுநீரகத்தின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் ரெனின்–ஆஞ்சியோடென்சின் அமைப்பு நிலைகுலைவதும் காரணங்களாகக் காட்டப்பட்டுள்ளன. அந்த எலிகளுக்கு ஏற்றப்பட்ட சர்க்கரை அளவு கடுமையானது என்பதையும், உங்களுடைய 104-ஐயும் 146-ஐயும் அதனோடு ஒப்பிட முடியாது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். உயிரோடிருக்கும் ஒரு குழந்தையின் நெஃப்ரான்களை எண்ணுவதற்கு எந்த ஸ்கேனும் இல்லை. ஆகவே மனிதக் குழந்தைகளில் சிறுநீரகத்தின் பருமனை அளந்தும், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்த்தும், பல ஆண்டுகள் பின்தொடர்ந்தும்தான் மறைமுகமாக அறிய வேண்டியிருக்கிறது. கர்ப்பத்தில் மட்டும் வந்து, மிதமாக இருந்து, கட்டுப்படுத்தப்பட்ட சர்க்கரையால் பிள்ளையின் நெஃப்ரான் இத்தனை குறையும் என்று யாரும் நிறுவியதில்லை. அப்படி அடித்துச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். ஒன்றுமே ஆகாது, சும்மா இருங்கள் என்கிறவர்களையும் நம்ப வேண்டாம்.

நெஃப்ரான் குறைந்தால்தான் என்ன என்று கேட்கலாம். 1988-ல் பாஸ்டனைச் சேர்ந்த பேரி பிரென்னரும் உடன் பணியாற்றியவர்களும், பிறவியிலேயே நெஃப்ரான் குறைவாக உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்னும் கருத்தை முன்வைத்தார்கள். 2003-ல் ஜெர்மனியிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களில் நெஃப்ரான்களை எண்ணிப் பார்த்தபோது, இரத்த அழுத்தம் இருந்த பத்துப் பேருக்கு ஒரு சிறுநீரகத்துக்கு ஏறத்தாழ ஏழு லட்சமும், அதே வயதில் அழுத்தம் இல்லாத பத்துப் பேருக்கு ஏறத்தாழ பதினான்கு லட்சமும் இருந்தன. இருபது பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லிவிட முடியாதுதான். ஆயினும் பிரென்னர் சொன்ன திசையிலேயே அது சுட்டியது. கரைவலையைப் பத்துப் பேர் சேர்ந்து இழுப்பதற்கும் ஆறு பேர் இழுப்பதற்கும் உள்ள வேறுபாடு உங்கள் கணவருக்குத் தெரியும்: ஆறு பேர் இழுத்தாலும் வலை கரைக்கு வந்துவிடும், ஆனால் ஒவ்வொருவர் தோளும் சீக்கிரம் தேயும். நெஃப்ரான் குறைந்தவருக்குச் சிறுவயதில் இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் சரியாகவே இருக்கும். உடல் பருமன், உப்பு, சர்க்கரை நோய், அடிக்கடி போடும் வலி மாத்திரை என்று மேற்சுமைகள் ஏறும்போதுதான் குறை வெளிப்படும்.

பிள்ளையின் பிற்காலத்துக்கு இதனினும் நேரான ஆபத்து வேறொன்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பீமா பழங்குடி மக்களிடம் பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வுகளில், தாய்க்குச் சர்க்கரை இருந்தபோது வயிற்றில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இளம் வயதிலேயே பருமனும் சர்க்கரை நோயும் வருவது அதிகமாக இருந்தது. அவர்களில் சர்க்கரை வந்தவர்களுக்குச் சிறுநீரில் புரதம் கசிவதும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்டது. அதாவது தாயின் சர்க்கரை பிள்ளையின் சிறுநீரகத்தைத் தொடுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன: கருவில் நெஃப்ரான் உருவாகும்போது ஒன்று, பிள்ளைக்கே பிற்காலத்தில் சர்க்கரை வருவதன் மூலம் மற்றொன்று. முதல் வழியை அடைக்க உங்களுக்கு இருப்பது அடுத்த எட்டு வாரங்கள். இரண்டாவதைப் பிள்ளை வளர வளரப் பார்த்துக் கொள்ளலாம்.

இன்சுலின் விஷயத்துக்கு வருகிறேன். உணவுக் கட்டுப்பாட்டை இரண்டு வாரம் முயன்று பார்ப்பது முறை. அதை நீங்கள் செய்துவிட்டீர்கள். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழும், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழும் வர வேண்டும். உங்களுக்கு இரண்டுமே தாண்டியிருக்கின்றன, அதிலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை கூடியிருப்பதைச் சாப்பாட்டால் மட்டும் இறக்குவது கடினம். மனித இன்சுலின் பெரிய மூலக்கூறு; அது நஞ்சைத் தாண்டிப் பிள்ளைக்குப் போவதில்லை. தாண்டிப் போவது சர்க்கரைதான். ஊசிக்குப் பயந்து சர்க்கரையை விட்டு வைத்தால், நீங்கள் எதைப் பிள்ளைக்குப் போகக் கூடாது என்று நினைக்கிறீர்களோ அதைவிடக் கெடுதலானதை அனுப்பிக் கொண்டிருக்கிறீர்கள். மெட்ஃபார்மின் மாத்திரை நஞ்சைத் தாண்டும். 20-ம் வாரத்துக்குப் பிறகு மருத்துவர்கள் தேவை பார்த்து அதையும் கொடுக்கிறார்கள், அந்த முடிவு அவர்களுடையது. ஒரு முறை இன்சுலின் போட்டால் ஆயுள் முழுக்கப் போட வேண்டியிருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். கர்ப்பத்தில் வந்த சர்க்கரைக்குப் போடும் இன்சுலினைப் பெரும்பாலானவர்களுக்குப் பிரசவமானதுமே நிறுத்திவிடுகிறோம்.

இன்சுலின் குப்பியைப் பிரிட்ஜின் கதவுப் பகுதியில் வையுங்கள், உறைநிலைப் பெட்டியில் வைக்காதீர்கள். வீட்டில் பிரிட்ஜ் இல்லையென்றால் குப்பியைத் தண்ணீர் புகாத உறையில் கட்டித் தண்ணீர் நிரம்பிய மண்பானையில் வைக்கலாம். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அலமாரியில் வைத்த மருந்து வீரியம் இழந்துவிடும். ஊசி போட்ட பிறகு சாப்பாட்டைத் தள்ளிப் போடக் கூடாது. திடீரென வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட்டுப் பிறகு அளந்து பாருங்கள்.

"சாப்பாட்டைக் குறைத்தும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டினி கிடப்பது பிள்ளைக்குச் சர்க்கரை மிகுவதைப் போலவே கெடுதல். தாய்க்கு ஊட்டம் குறைந்து எடை குறைவாகப் பிறக்கும் பிள்ளைக்கும் நெஃப்ரான் குறைவாகத்தான் இருக்கிறது. மூன்று வேளைச் சாப்பாட்டை மூன்றாகவே வைத்துக் கொண்டு, இடையில் சுண்டலோ மோரோ வேர்க்கடலையோ சிறிது எடுத்துக் கொள்ளுங்கள். காலையில் மூன்று இட்லிக்கு வடகறியும் சாம்பாரும் சேர்ந்தால் தவறில்லை. ஆறு இட்லிக்குச் சர்க்கரையும் எண்ணெயும் தொட்டுக் கொள்வதுதான் தவறு. மதியம் சோற்றைப் பாதியாக்கி, கீரையையும் பொரியலையும் மீனையும் கூட்டுங்கள். காசிமேட்டிலிருந்து நெத்திலியும் மத்தியும் வீட்டுக்கு வருமானால் அவைதான் உங்களுக்கு ஏற்றவை; பெரிய மீன்களில் பாதரசம் அதிகம் சேரும் என்பதால் சுறாவைப் பிரசவம் வரை ஒதுக்கி வையுங்கள். கருவாட்டின் உப்பு இரத்த அழுத்தத்துக்கு ஆகாது. அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் உள்ள பேரீச்சம்பழத்தை வீணாக்காமல் தின்றுவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்களுக்கு அது எத்தனை என்பதைச் செவிலியரிடம் கேட்டுக் கொண்டு சாப்பிடுங்கள், இரும்புச்சத்து மருந்தை மட்டும் விடாதீர்கள். சாப்பிட்ட பின் கால் மணி நேரம் நடப்பது சர்க்கரையைக் கண்கூடாக இறக்கும். கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையோரத்தில் நடப்பதைவிட மொட்டை மாடியில் நடக்கலாம்.

முதுகுவலி மாத்திரையைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே அவசரமாகப் பதில் தேவைப்படுவது அதற்குத்தான். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசெக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் 20-ம் வாரத்துக்குப் பிறகு பிள்ளையின் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து, அதனால் பனிக்குடநீரும் குறையக் காரணமாகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் இதைக் குறித்து வெளிப்படையாகவே எச்சரித்தது. மெடிக்கலில் அட்டை கிழித்துக் கொடுக்கும் வலி மாத்திரைகளில் பலவும் இந்த வகைதான், பல வேளைகளில் பாரசிட்டமாலுடன் கலந்தே இருக்கும், பெயரைப் பார்த்தால் தெரியாது. அட்டையின் பின்பக்கத்தை ஒரு முறை மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே ஒன்றிரண்டு போட்டுவிட்டீர்களென்றால் பதற வேண்டாம், நிறுத்திவிட்டு அதைச் சொல்லிவிடுங்கள்; அடுத்த ஸ்கேனில் பனிக்குடநீரை அளந்து பார்ப்பார்கள். வலிக்குத் தனிப் பாரசிட்டமாலை மருத்துவர் சொன்ன அளவில் போடலாம். மாமியாருக்காக வீட்டில் டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில் போன்ற அழுத்த மாத்திரைகள் இருக்கக் கூடும். உங்களுக்குப் பிற்பாடு இரத்த அழுத்தம் கூடினாலும் அவற்றைத் தொடவே கூடாது. வயிற்றில் இருக்கும் பிள்ளையின் சிறுநீரகத்தை நேரடியாகச் செயலிழக்கச் செய்யும் மருந்துகள் அவை. சர்க்கரையைவிட எத்தனையோ மடங்கு அஞ்சத் தக்கவை. சிறுநெருஞ்சி, சிறுபீளை என்று சிறுநீரகத்துக்கு நல்லதாகச் சொல்லி யாராவது கஷாயம் போட்டுக் கொடுத்தாலும் இப்போது வேண்டாம்.

ஸ்கேனில் எழுதியிருக்கும் 4.8 மி.மீ. விரிவு என்பது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் திரண்டு வெளியேறும் பகுதி சற்று அகன்றிருப்பதைக் குறிக்கிறது. 28 வாரத்துக்கு முன் 4 மி.மீ. வரைக்கும் இயல்பாகக் கொள்கிறோம். உங்கள் பிள்ளைக்கு அதைவிடச் சிறிதே கூடுதல். சர்க்கரை இல்லாத தாய்மார்களின் பிள்ளைகளிலும் இது சாதாரணமாகக் காணப்படுவதுதான், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். 32-ம் வாரவாக்கில் ஒரு முறை பாருங்கள். அப்போது 7 மி.மீ.க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. அதைத் தாண்டினாலோ, இரண்டு பக்கமும் விரிந்தாலோ, சிறுநீர்ப்பை பெரிதாகத் தெரிந்தாலோ, பனிக்குடநீர் குறைந்தாலோ பிரசவத்துக்கு முன்பே குழந்தைகள் சிறுநீரக மருத்துவரைப் பார்ப்பது நல்லது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் இதற்கெனத் தனிப்பிரிவு இருக்கிறது.

அதே ஸ்கேனில் பனிக்குடநீரின் அளவையும் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். நான்காம் மாதத்துக்கு மேல் அந்த நீரில் பெரும்பகுதி பிள்ளை கழிக்கும் சிறுநீர்தான். அது போதுமான அளவில் இருக்கிறதென்றால் பிள்ளையின் சிறுநீரகம் வேலை செய்கிறது என்று பொருள். அளவுக்கு மீறிக் கூடுமானால் உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இல்லையோ என்று மருத்துவர் முதலில் சந்தேகிப்பார், ஏனென்றால் பிள்ளையின் இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது பிள்ளையும் அதிகமாகச் சிறுநீர் கழிக்கிறது.

பிரசவத் தேதியைக் குறித்து ஒன்று. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பார்த்தாலும் தனியாரிடம் பார்த்தாலும், சர்க்கரை கட்டுக்குள் இருந்து வேறு சிக்கலும் இல்லையென்றால் 38, 39 வாரம் வரை காத்திருப்பதே வழக்கம். நட்சத்திரம் பார்த்து, நல்ல நேரம் குறித்துக் கொண்டு வந்து 36-ம் வாரத்திலேயே அறுவை செய்து எடுக்கச் சொல்லும் குடும்பங்களை இந்தப் பகுதியில் நிறையவே பார்க்கிறேன். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு வெளியே வந்த பின் நெஃப்ரான் உருவாவது சில வாரங்களில் நின்றுவிடுகிறது, உருவாகிறவற்றிலும் சில கோணலாக அமைகின்றன. தாய் சர்க்கரையை எவ்வளவு பாடுபட்டுக் கட்டுப்படுத்தியிருந்தாலும், காரணமில்லாமல் முன்கூட்டிப் பிரசவம் பார்த்தால் பிள்ளைக்கு அந்தப் பலன் முழுதாகக் கிடைக்காது. மருத்துவக் காரணத்துக்காக முன்கூட்டி எடுக்க வேண்டி வந்தால் அது வேறு. அப்போது தயங்காமல் ஒத்துக் கொள்ளுங்கள்.

பிள்ளை பிறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். தாயிடமிருந்து வந்த சர்க்கரை திடீரென நிற்பதால் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கக் கூடும். அதற்காகக் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், தடுக்க வேண்டாம். முதல் 24 மணி நேரத்துக்குள், அதிகம் போனால் 48 மணி நேரத்துக்குள், பிள்ளை சிறுநீர் கழித்துவிட வேண்டும். ஆண் பிள்ளையென்றால் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வராமல் வில் போல் பீய்ச்சி வருகிறதா என்று பாருங்கள். சிறுநீர் சிவந்து வந்தாலோ விலாப்பக்கம் கட்டி போலத் தட்டுப்பட்டாலோ உடனே சொல்லுங்கள். தாய்க்குச் சர்க்கரை இருந்த பிள்ளைகளுக்கு அரிதாகச் சிறுநீரக இரத்தக் குழாயில் இரத்தம் உறைவதுண்டு. சிறுநீரக ஸ்கேனைப் பிறந்த அன்றே எடுக்கச் சொல்லாதீர்கள். முதல் இரண்டு நாள் பிள்ளை சிறுநீர் கழிப்பது குறைவாக இருப்பதால் விரிவு இருந்தாலும் தெரியாமல் போகும்; இரண்டு நாள் கழித்தோ, ஒரு மாதத்துக்குள்ளாகவோ எடுத்தால் போதும்.

வளர்கிற பிள்ளைக்குச் சளியும் இருமலும் இல்லாமல் காய்ச்சல் வந்தால் சிறுநீரைச் சோதிக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். மூன்று வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்பவர்களிடம் தாய்க்குக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததைச் சொல்லலாம். தாய்ப்பாலை ஆறு மாதம் தனியாகவும், பிறகு இணை உணவோடும் தொடர்வதும், பள்ளி வாசலில் விற்கும் சிப்ஸும் குளிர்பானமும் வழக்கமாகிவிடாமல் பார்த்துக் கொள்வதும் எந்த மாத்திரையும் தராத பாதுகாப்பு. கொழுகொழுவென்று இருந்தால்தான் பிள்ளை என்று நினைக்கும் நம் வழக்கம் இந்தப் பிள்ளைக்கு ஏற்றதில்லை.

உங்களுக்கு: பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் சோதனை, அதன் பிறகு ஆண்டுதோறும் ஒரு முறை. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போது கருத்தரிக்கும் முன்பே சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். இந்த முறை தொடக்க வாரங்களில் சர்க்கரை இயல்பாக இருந்தது. அடுத்த முறையும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

கடைசியாக உங்கள் மாமியாரைப் பற்றி. நீண்ட காலச் சர்க்கரை இருப்பவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தால் சர்க்கரைதான் காரணம் என்று எல்லாரும் எண்ணிக் கொள்கிறார்கள், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அப்படியானால் பேரப்பிள்ளைக்கு அதிலிருந்து வருவது சர்க்கரைக்கான நாட்டம் மட்டுமே. ஆனால் சர்க்கரையோடு வேறு சிறுநீரக நோயும் இருந்திருக்கலாம். குறிப்பாக இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள் நிறைந்திருக்கும் பரம்பரை நோய் என்றால், பெற்றவரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. உங்கள் கணவருக்கு இருந்து, அவரிடமிருந்து உங்கள் பிள்ளைக்கும் வரலாம். டயாலிசிஸ் பிரிவில் இருக்கும் மாமியாரின் கோப்பில் முதல் ஸ்கேன் அறிக்கை இருக்கும். உங்கள் கணவர் படகுக்குப் போகாத ஒரு நாளில் அதைப் பிரதி எடுத்து வரச் சொல்லுங்கள். அதில் நீர்க்கட்டிகள் என்று இருந்தால் கணவருக்கும் ஒரு சிறுநீரக ஸ்கேன் எடுத்துவிட்டு, 32-ம் வார ஸ்கேனுக்குப் போகும்போது இரண்டு தாள்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.